ஏழாம் நம்பர் கை

எங்கள் ஊரில் ஸ்கின் கலர் என்று ஒரு கலர் உண்டு. அந்தக் கலரில் தோல் உள்ள ஆள் ஒருவர்கூட எங்கள் ஊரில் கிடையாது. உள்பாவாடை வாங்கப் போகிற பெண்கள் "ஸ்கின் கலர் எடுங்" என்பார்கள், கடைக்காரர் மேல்தட்டிலிருந்து வெளுத்த ரோஜாவும் பிஸ்கட்டும் கலந்தாற்போல் ஒன்றை எடுத்துப் போடுவார், கறுத்த கை ஒன்று அதை விரித்துப் பார்த்து "இதேதானுங்" என்று சொல்லும், விற்கிறவருக்கும் சிரிப்பு வராது, வாங்குகிறவளுக்கும் சிரிப்பு வராது, அந்தக் கலருக்கு முப்பத்தொரு வருஷமாகச் சாயம் போட்டுக்கொண்டிருந்த எனக்கும் வந்ததில்லை.

என் பெயர் சென்னியப்பன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். ஆறு வெள்ளைத் துணியை என் முன்னால் போட்டால் ஆறும் ஆறு வெள்ளை என்று பிரித்துக் காட்டுவேன். ஒரு ஷேடைப் பார்த்ததும் "சிவப்பு ஒரு பொட்டு தூக்கல்" என்பேன், அளக்கிற மெஷின் அரை நிமிஷம் யோசித்துவிட்டு அதையே சொல்லும். வீட்டில் என் மனைவி துளசிமணி ரசம் வைத்தால் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து மஞ்சள் குறைச்சல் என்பேன், "என்னைக் கட்டுனதுக்கு நீங்க ஒரு டியூப்லைட்டைக் கட்டிருக்கலாமுங்" என்பாள். இப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு நான் ஒரே ஒரு கலரைத் தெரிந்தே தப்பாக எழுதினேன். என் மகள் மகுடேஸ்வரியின் ஜாதகத்தோடு இணைக்கிற தாளில், நிறம் என்று போட்டு, எதிரே மாநிறம் என்று எழுதினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன், சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகுடேஸ்வரி எங்கள் கம்பெனி ஆபீசிலேயே மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற மெயிலைப் படித்து, அவர்களுக்கு என்ன வேண்டுமென்று எங்களுக்குப் புரியவைக்கிற வேலை. ஒருநாள் மத்தியானம் நான் சாயம் கலந்து பார்க்கிற லேப்பில் தயிர்சாதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலே ஆடுகிற குழு ஒன்றிடமிருந்து ஆர்டர் வந்திருக்கிறது என்றாள்.

"பாலேன்னா என்ன கண்ணு, பால்ல செய்யறதா?"

"ஆட்டமுங்ப்பா. கால் கட்டைவிரல் நுனியில நின்னு ஆடறது." சிரித்துக்கொண்டே அவள் சொன்ன கதையை என்னால் இப்போதும் வரி பிசகாமல் சொல்ல முடியும், ஏனென்றால் அவள் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்ன கடைசிக் கதைகளில் அது ஒன்று. "முந்நூறு வருசத்துக்கு முன்னாடி தரையைக் கூட்டற பாவாடை கட்டிக்கிட்டுத்தான் ஆடிருக்காங்க. கால் என்ன வேலை செய்யுதுன்னு ஆருக்கும் தெரியலையேன்னு ஒருத்தி கணுக்கால் தெரியற மாதிரி வெட்டிக்கிட்டாளாம். ஊரே கண்ணைப் பொத்திக்கிச்சாம், விரல் சந்துல பாத்துச்சாம். பொறவு பாவாடை முழங்காலுக்கு ஏறுச்சு, அதுக்கும் மேல ஏறுச்சு, கடைசில இடுப்புல ஒரு தட்டு மாதிரி நின்னுக்கிச்சு. இப்பக் கால் பூராத் தெரியணும், தெரியவும் கூடாது. அதுக்குத்தான் ஒட்டுன மாதிரி தோல் கலர்ல ஒரு காலுறை. அதுதானுங்ப்பா தெருவுக்கு வந்து, லெக்கின்ஸுன்னு பேர் வெச்சுக்கிட்டு நம்மூரு டவுன் பஸ்ஸுல ஏறி உக்காந்திருக்குது. காலேஜ் புள்ளைக போடற தட்டைச் செருப்பு, குறுக்க இழுத்து முடிச்சுப் போடற மேல்சட்டை, எல்லாமே ஆட்டக்காரிக ஒத்திகைக்குப் போட்டதுதான்."

"செரி, இதுல நமக்கென்ன?"

"தோல் கலருன்னா யார்ற தோலுங்? வெள்ளைக்காரவிய தோலு. கறுப்பா இருக்கறவிய ஆட வந்தா, அந்தக் காலுறையை டீத்தண்ணியில ஊறப்போட்டும், முகத்துக்குப் பூசற பூச்சைத் தேய்ச்சும் அவியளே கலர் ஏத்திக்கோணும். இடுப்புல இருந்து கட்டைவிரல் வரைக்கும் ஒரே கோடாத் தெரியோணுமுங்ப்பா. காலுறை வேற கலர்ல இருந்தா கோடு உடைஞ்சு போயிரும். இந்தக் குழுவுல பதினாலு பேரு, பதினாலு பேருக்கும் அவங்கவங்க தோல் கலர்ல வேணும்ங்கறாங்க. முடியும்னு எழுதிட்டேன். எங்கப்பா பண்ணிருவாருன்னு எழுதிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். கேட்டது காதில் விழுந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை. சாப்பிட்டு முடித்துத் தாளை எடுத்தபோது முதல் பக்கத்தில் பதினாலு பெயர், பெயருக்கு எதிரே கலர் என்ற இடத்தில் பதினாலு தடவை ஸ்கின், ஸ்கின், ஸ்கின் என்று இருந்தது, ஸ்கின் என்றால் முப்பத்தொரு வருஷமாக என் கைக்குத் தெரிந்தது ஒரே ரெசிபி, அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிப் பெரிய மெஷினுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் பதினாலு பேரின் கைகளும் படமாக ஒட்டியிருந்தன. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

துணி இறங்கியபிறகு மகுடேஸ்வரி வந்து பார்த்தாள். மெஷின் ஒரு தடவைக்குப் போடுகிற நூறு கிலோவும் ஒரே வெளுத்த ரோஜா.

"ரெண்டாவது பக்கம் பாத்தீங்களாங்ப்பா?"

"ஸ்கின்னா ஸ்கின்தானே அம்முணி. எட்ட இருந்து பாத்தா எல்லாக் காலும் ஒண்ணாத்தான் தெரியும்."

அவள் துணியின் மேல் வைத்திருந்த தன் கையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அது நடந்தது. செக்கிங் மேஜையில் மாராத்தாள் என்று ஒரு அம்மாள், பதினெட்டு வருஷமாகத் துணியில் குற்றம் கண்டுபிடிக்கிறவர், காலுறைத் துணியை விரித்து உள்ளங்கையால் நீவினார், நீவிய இடத்திலிருந்து துணி அவர் கையின் கலருக்கு மாறி, பத்து எண்ணுவதற்குள் நுனி வரைக்கும் பரவிவிட்டது. "மாஸ்டருங்," என்று கூப்பிட்டார், "என்ற கையக் காணமுங்." போய்ப் பார்த்தேன். கை இருந்தது. துணி எது, கை எது என்றுதான் தெரியவில்லை. சூப்பர்வைசர் வந்து ஷேடு மாறுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, மாராத்தாளைக் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவிவிட்டு வந்தார், மறுபடியும் அதே. பக்கத்து மேஜைப் பெண் தொட்டாள், அது அவள் கலரானது. ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் தொட்டார்கள், அவர்கள் கலரானது. தைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள், அதற்குள் டீ வந்துவிட்டது, டீ குடித்துவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள். மாலைக்குள் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைசியாகத் தொட்ட கை எதுவோ அந்தக் கலர், அடுத்த கை தொடும் வரை மாறாது, இதுதான் துணியின் சட்டம் என்று இரண்டு நாளில் எங்களுக்குப் பழகிப்போயிற்று. காரணம் தண்ணீர் என்று சிலர் சொன்னார்கள், நூல் என்று சிலர் சொன்னார்கள், அதற்குமேல் யாரும் மெனக்கெடவில்லை.

இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தால் இரண்டு கலரும் ஓடிவந்து நடுவில் சந்திக்கும், சந்தித்த இடத்தில் ஒரு கோடு விழும். மகுடேஸ்வரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். கோடே விழவில்லை. முனைக்கு முனை ஒரே கலர், வறுத்து அரைத்த காபிக்கொட்டைக் கலர். "துணிக்குப் புரிஞ்சது உங்களுக்குப் புரியலையேங்ப்பா" என்று கேலி செய்தாள், ஆனால் பிடித்த முனையை அவள் நெடுநேரம் விடவில்லை. பதினாலு பேருக்கும் துணி போய்ச் சேர்ந்து, அவர்கள் வரிசையாக நின்று எடுத்த படம் ஒன்று வந்தது, பதினாலு கால்கள், பதினாலு கலர், எதிலும் கோடு உடையவில்லை. அதை அவள் தன் மேஜைமேல் ஒட்டிவைத்தாள்.

மிச்சத் துணி எண்பது கிலோவுக்கு மேல் இருந்தது, பதினாலு பேர் காலுக்கு வேண்டியது போக. முதலாளி அதை லெக்கின்ஸாகத் தைத்துக் காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்கு அனுப்பினார், அது ஒரே காலையில் தீர்ந்தது, அந்த மாதம் முதல் ஸ்கின் ரெசிபி போட்ட எல்லாப் பட்டறைகளிலும் இதே சங்கதி ஆகிவிட்டதால் ஊர் முழுக்க அந்தத் துணி பரவியது. காலில் இழுத்துப் போடுகிற கையின் கலர் காலுக்கு வந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு வெறுங்காலாகத் தெரியும். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் மூன்று நாள் கூரையைப் பார்த்தபடியே டிக்கெட் கிழித்து, பல்லடம் போகிறவர்களுக்கெல்லாம் அவிநாசி டிக்கெட் கொடுத்தார். ஒரு கோயில் வாசலில் போர்டு வைத்தார்கள். ஒரு சங்கத்தார் கூட்டம் போட்டு, பெண்களின் காலைப் பற்றி இரண்டரை மணிநேரம் ஆண்களாகவே பேசினார்கள். கண்டித்துப் பேசியவர் தோளில் கிடந்த துண்டும் அந்தத் துணிதான், அவர் உதறிப் போட்ட கையின் கலரில் கிடந்தது. நாலு வாரம் போனதும் அவரவர் வீட்டுப் பெண்களும் போட ஆரம்பித்தார்கள், கண்டக்டர் கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டார், போர்டில் யாரோ செருப்பு விடும் இடம் என்று மாற்றி எழுதினார்கள்.

நல்லதும் நடந்தது, நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீதியில் துபாய்க்குக் கிளம்பிய ஒருவன், தலையணை உறையைக் கையால் நீவிவிட்டு மனைவியிடம் கொடுத்துப் போனான், அவள் கை படக்கூடாதென்று அதை இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தாள். முகத்துக்குக் கிரீம் பூசுகிறவர்கள் கைக்கும் பூசத் தொடங்கினார்கள், துணி கிரீமைச் சட்டை செய்யவில்லை, அடியில் இருக்கிற கையைத்தான் பார்த்தது. இது தெரிந்த அன்றைக்குத்தான் கல்யாணத் தரகர் நல்லதம்பி என்னைத் தேடி லேப்புக்கு வந்தார்.

"மாஸ்டருங், போட்டோவை நம்பறதுக்கில்லீங் இப்பெல்லாம். போன்லயே வெளுத்துப்போடறாங்க. பொண்ணு கையில ஒரு துண்டுத் துணியைக் குடுத்துப் புடிக்கச்சொல்லி, அதைய ஜாதகத்தோட வெச்சு அனுப்பிட்டா ஒரு பேச்சு வராது பாருங். ஆனா அது என்ன கலருன்னு சொல்லறதுக்கு ஆளாளுக்கு ஒரு பேரு. நீங்க வெளுப்பு ஒண்ணு, கறுப்பு பன்னெண்டுன்னு ஒரு அட்டை போட்டுக் குடுத்தீங்கன்னா, ஒப்பிட்டுப் பாத்து நம்பரைச் சொல்லிப்போடலாம். உங்களையாட்டம் கண்ணு இந்த ஜில்லாவுலயே ஆருக்குமில்லீங்."

கடைசி வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். அரை நாள் உட்கார்ந்து, பன்னிரண்டு துண்டுக்குப் பன்னிரண்டு ஷேடு போட்டு, லைட் பாக்ஸில் வைத்து ஒன்றுக்கொன்று இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, லேப்பில் துணி வெட்டுகிற பல் கத்தரியால் ஓரங்களை வெட்டி, அட்டையில் ஒட்டி, நம்பர் போட்டுக் கொடுத்தேன். ஏழாம் நம்பருக்கு அடியில் என் அழகான கையெழுத்தில் மாநிறம் என்று எழுதினேன். இதைவிட நேர்த்தியான வேலை ஒன்றை நான் செய்ததில்லை, அதுதான் கேவலம்.

கைத்துணி என்று அதற்குப் பெயர் வந்தது. ஜாதகக் கட்டு, போட்டோ, கைத்துணி. பெண் கைத்துணிதான் கேட்டார்கள், மாப்பிள்ளைக் கைத்துணியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று "எங்க புள்ள அஞ்சுங், உங்க புள்ள?" என்று பேசிக்கொண்டார்கள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த ஒரு பெண் தன் துணியை எடுத்துக்கொண்டு லேப்புக்கே வந்துவிட்டாள், எட்டு என்று எழுதிக் கொடுங்கள் மாஸ்டர், எட்டு வரைக்கும்தான் பார்ப்பார்களாம் என்று அழுதாள். நான் துணியை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது என்றேன். என் கண் பொய் சொல்லாதும்மா என்றேன். அவள் பெயரைக்கூடக் கேட்காமல் அனுப்பினேன், இன்றைக்கு வேண்டுமானாலும் அவள் காலில் விழத் தயார், பெயர் தெரியாது.

அப்புறம்தான் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் எஞ்சினியர், தங்கமான குடும்பம், நல்லதம்பியே கொண்டுவந்தார், கைத்துணி கேட்டார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் புதுத் துண்டு ஒன்றை மகுடேஸ்வரியிடம் நீட்டினேன்.

"நான் புடிக்க மாட்டேனுங்ப்பா" என்றாள். "ஆட்டக்காரிக தோல் கலர்ல துணி கேட்டது ஆடறதுக்குங். நீங்க கேக்கறது எடை போடறதுக்கு."

"ஊரே குடுக்குது கண்ணு."

"அந்த அட்டையை ஊரா போட்டுச்சு?"

வெளியே வந்தேன். அவள் பதினொன்று. நானும் பதினொன்று. என் கைதான் அவள் கை, பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் உள்ளங்கையில் அவளை வைத்தபோது நர்சம்மாவே சொன்னார், அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்பைத் திறந்தேன். சாதாரணத் துணி ஒன்றை எடுத்து, என் அட்டையின் ஏழாம் நம்பருக்குச் சாயம் போட்டேன், ஒரு தடவையில் அச்சாக வந்தது, காயவைத்து, வழக்கம்போல் பல் கத்தரியால் ஓரம் வெட்டி, ஜாதகத் தாளில் நிறம் மாநிறம் என்று எழுதி, என் மகளின் கை என்று சொல்லி நல்லதம்பியிடம் கொடுத்தேன். பிறகு வீட்டுக்குப் போய், பெருந்துறைக்காரர்கள் கைத்துணியெல்லாம் கேட்காத குடும்பம் என்று மகளிடம் சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சொன்ன பொய் அல்ல இது, நானாகப் போய்ச் சொன்னது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் சொன்ன பொய்யை மாற்றவில்லை. "அப்படின்னா வரச்சொல்லுங்ப்பா" என்றாள்.

வந்தார்கள். பையனின் அம்மா அமுதவல்லி அலட்டல் இல்லாத பெண்மணி, துளசிமணியோடு சமையலறை வரைக்கும் போய்ப் பேசினார், பையன் தரையைப் பார்த்துக்கொண்டு போண்டா தின்றான், மகுடேஸ்வரி பச்சைச் சேலையில் வந்து உட்கார்ந்து அவன் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள், அவன் நிமிர்ந்து மூன்று பதில் சொன்னான். எல்லாம் கூடிவருகிற மாதிரித்தான் இருந்தது. அப்போது அமுதவல்லி கைப்பையைத் திறந்து, டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காத கண்ணு. உன்ற கைத்துணிதான். ஊருல பலபேரு வேற புள்ளைக கையைக் குடுத்து ஏமாத்தறாங்கன்னு எங்க நாத்தனார் சொன்னாங்க. ஒருக்கா நீயே புடிச்சுக் காட்டீரு, மாறாம இருந்துச்சுன்னா முடிஞ்சுது."

மகுடேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி வாங்கினாள். பத்து எண்ணுவதற்குள் மாற வேண்டிய துணி மாறவில்லை, அவள் விரல்களுக்கு மேல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது, விரலுக்கும் துணிக்கும் நடுவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு கோடு இருந்தது. மாறாமல் இருந்ததால் சரி என்று அமுதவல்லி சொல்ல வாயெடுத்து, கையையும் துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மகுடேஸ்வரி துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பல் பல்லாக வெட்டிய ஓரம். சிறுமியாக லேப்புக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஓரம்.

"இது யார்ற கைங்ப்பா?"

ஒரு கலரைக் காட்டி யாராவது கேள்வி கேட்டால் என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொல்லிவிடும், முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

"ஏழு" என்றேன்.

தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பிளக்கவில்லை. உள்ளே குக்கர் மட்டும் ஒரு விசில் விட்டது. அமுதவல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பத்து பதினொண்ணா இருந்தாலும் பாத்துக்கலாம்னுதானுங் அண்ணா நாங்க பேசிக்கிட்டு வந்தோம்" என்றார், நல்ல மனதோடுதான் சொன்னார். மகுடேஸ்வரி எழுந்து கைகூப்பி, "நீங்க பாத்துக்க வேண்டாமுங்" என்றாள், குரலை உயர்த்தவில்லை, மீதி பலகாரத்தை அவர்கள் வழியில் சாப்பிட டப்பாவில் போட்டுக் கொடுத்து வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினாள். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனவள், அன்றைக்குப் பிடிக்க மாட்டேன் என்ற அசல் துண்டை எடுத்து வந்தாள், நீவிக்கொண்டே வந்ததால் அது அவள் கலரில் இருந்தது.

"இதைப் புடிங்ப்பா."

பிடித்தேன். என் விரல் பட்ட இடத்திலிருந்து துணி வெளுத்தது. பத்து எண்ணுவதற்குள் முழுத்துண்டும் வெளுத்த ரோஜாவும் பிஸ்கட்டும் கலந்த அந்தக் கலருக்கு, யாருடைய கலரும் இல்லாத அந்த ஸ்கின்னுக்குப் போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பிடித்தேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து பிடித்தேன். என் கை கறுப்பாகத்தான் இருந்தது, துணிதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மகுடேஸ்வரி வெகுநேரம் பார்த்தாள். "இந்தக் கலரை எனக்குப் போட்டு உட்டுட்டு, நீங்க மட்டும் கழட்டிப்போட்டீங்களாங்ப்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப்பிறகு என்னை எதற்கும் குற்றம் சொல்லவில்லை, எதற்கும் சிரிக்கவும் இல்லை. துளசிமணி ஒரு வாரம் ரசத்தில் மஞ்சளே போடவில்லை, நான் டம்ளரைத் தூக்கிப் பார்க்காமல் குடித்தேன்.

ஊர் இதையும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டது. சாயத்தில் ஊறின கை அப்படித்தான் ஆகும் என்றார்கள், மாஸ்டர் கைராசிக்காரர் என்றார்கள், ஏனென்றால் ஒருமுறை ஒரு பெண் பிடித்த கைத்துணியை நான் தொட்டுக் கொடுத்தால் அது புதுத்துணிபோல் வெளுத்து, அடுத்த பெண்ணுக்குக் கொடுக்கத் தோதாக இருந்தது. நல்லதம்பி வாரம் ஒரு கட்டுக் கொண்டுவந்தார், தொட்டுக் கொடுங்கள் என்றார், நான் மறுத்தபோது சும்மாதானே கேட்கிறேன் என்று முகம் சுளித்தார். அட்டையையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "எந்த அட்டையைங் கேக்கறீங்க மாஸ்டர்? ஈரோட்டுல இருக்கறதா, கரூர்ல இருக்கறதா?" என்றார். கலர் ஜெராக்ஸ் எடுத்து ஊர் ஊராகப் போயிருந்தது. அதிலும் ஜெராக்ஸில் எல்லாக் கலரும் ஒரு நம்பர் கறுத்துப் போயிருந்தது, எட்டாக இருந்த பெண்கள் ஏழாகிவிட்டார்கள், பதினொன்று பத்தானவர்களும் இருந்தார்கள், அதைத் திருத்திக் கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்டபோது நான் லேப் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் வீதித் துபாய்க்காரன் மனைவி மட்டும் என்னைக் கண்டால் தலையணை உறைப் பெட்டி இருக்கிற அறைக்கதவை இழுத்துப் பூட்டுகிறாள். அவள் செய்வதுதான் சரி.

மகுடேஸ்வரி பெங்களூரில், வெளிநாட்டுக்காரர்களுக்காகத் துணி வாங்குகிற ஒரு பையிங் ஆபீசில் வேலை தேடிக்கொண்டாள். கிளம்புகிற காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன், துளசிமணி சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். மகள் அந்தத் துணியில் தானே தைத்த மேல்சட்டை போட்டிருந்தாள், குறுக்கே இழுத்து இடுப்பில் முடிச்சுப் போடுவது, ஆட்டக்காரிகள் ஒத்திகைக் குளிருக்குப் போட்டு, ஊர் ஊராக இறங்கி வந்து, எங்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேர்ந்த அதே சட்டை. அவள் கையால் போட்டது, அதனால் அவள் கலர். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் சட்டை எங்கே முடிகிறது, அவள் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியவில்லை.

பெட்டியை மேலே ஏற்றிவிட்டு என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கூட்டம் இடித்துத் தள்ளியது, எங்கே அவள்மேல் பட்டுவிடுமோ என்று ஒதுங்கி ஒதுங்கிப் போய் ஒரு டீக்கடைக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் அதைப் பார்த்தாள். ஏறப் போனவள் படியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள்.

"கையை ஏனுங்ப்பா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"பட்டா வெளுத்துரும் கண்ணு."

"வெளுத்தா வெளுக்கட்டும்" என்று சொல்லி, என் வலது கையைப் பின்னாலிருந்து இழுத்துத் தன் மேல்கையின்மேல் வைத்துக்கொண்டாள். ஐந்து விரலும் ஐந்து வெளுத்த தடமாக விழுந்தன, தடம் தோளை நோக்கிப் பரவ ஆரம்பித்தது, மன்னிச்சுக்கோ கண்ணு என்று சொன்னேன், பஸ்காரன் அடித்த ஹாரனில் அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. அவள் ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. நகர்கிற ஜன்னலில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, தன் உள்ளங்கையை என் விரல் தடத்தின்மேல் வைத்து மெதுவாக நீவினாள், தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், ஒரு தடவை, இரண்டு தடவை. என் தடம் போய்விட்டது.

முப்பதடி தூரத்திலிருந்தும் என் கண்ணுக்குத் தெரிந்தது, கலர் அச்சாகத் திரும்பியிருந்தது, எங்கேயும் கோடு உடையவில்லை. பதினொன்று என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் ஒரு நம்பரும் சொல்லாமல் அந்தக் கலரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.